ஏழு வெற்றிலை

வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், தேங்காய், பழம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். கோயில் வாசலில் தட்டோடு கிடைக்கும் பொருள்கள் அவை. தெருமுனை வரை நடந்தால் கை நிறைய வாங்கி வந்துவிடலாம். ஆதலால் அவற்றின் அருமையை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை. அந்த வரிசையில் முதலில் நிற்கும் வெற்றிலையைத் தேடி, மொழி தெரியாத ஓர் ஊரின் வீதியில் நின்றபோதுதான் அந்த மூதாட்டிக்கு அதன் அருமை புலப்பட்டது.

அவர் பிறந்தது கும்பகோணத்தை அடுத்த காவிரிக்கரைக் கிராமம் ஒன்றில். வீட்டுக்குப் பின்புறம் கொடிக்கால். அகத்தி மரங்களைப் பற்றிப் படர்ந்த வெற்றிலைக் கொடிகளின் நிழலில் விளையாடி வளர்ந்தவர் அவர். நூறு இலை சேர்ந்தால் ஒரு கவுளி. விசேஷ நாள் வந்தால் அவர் வீட்டில் கவுளிக் கணக்கில்தான் வெற்றிலை வாங்குவார்கள். இலையை ஒன்று, இரண்டு என்று எண்ணி வாங்கிய நினைவே அவருக்கு இல்லை.

கணவர் மறைந்து, ஓராண்டுக் காரியங்களும் முறைப்படி நிறைவேறிய பின், 2024ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அவர் ஜெர்மனியில் வசிக்கும் மகன் வீட்டுக்குச் சென்றார். தெற்கே பவேரியா மாநிலத்தில், டான்யூப் நதிக்கரையில் அமைந்த ரேகன்ஸ்பர்க் என்னும் பழைமையான நகரம் அது. பெட்டியில் பருத்திப் புடவைகளுக்கு நடுவே பட்டுத்துணியில் சுற்றிய வெள்ளி முகம் ஒன்று இருந்தது. வரலட்சுமி நோன்புக்குக் கலசத்தில் பொருத்தும் அம்மன் முகம். அவருடைய மாமியார் அவருக்குக் கொடுத்தது. மாமியாருக்கு அவருடைய மாமியார் கொடுத்தது.

நாற்பத்தாறு ஆண்டுகள் அந்த நோன்பை அவர் இடைவிடாமல் நோற்றார். கணவரை இழந்தபின் கலசத்தின் முன் அமரும் உரிமை, குடும்ப வழக்கப்படி, மருமகளுக்குச் சேர்ந்துவிட்டது. முந்தைய ஆண்டு துக்க ஆண்டாதலால் வீட்டில் பண்டிகை ஏதும் இல்லை. இந்த ஆண்டும் விட்டுப்போனால் நோன்பு குடும்பத்தை விட்டே போய்விடுமோ என்ற அச்சம் அவர் உள்ளத்தை அரித்துக்கொண்டிருந்தது. அதற்காகவே அவர் அத்தனை தொலைவு வந்தார் என்றும் சொல்லலாம்.

மருமகள் நல்ல பெண். மாமியாரிடம் அன்பும் மரியாதையும் உடையவள். ஆயினும் அலுவலகம், குழந்தையின் பள்ளி, வீட்டு வேலை ஆகியவற்றுக்கு நடுவே மூச்சுவிட நேரம் இல்லாதவள். “அம்மா, லட்சுமி படத்தின் முன் விளக்கேற்றி நமஸ்காரம் செய்தால் போதாதா? இங்கே ஒரு பொருளும் ஒழுங்காகக் கிடைக்காதே” என்று ஒருநாள் மெல்லக் கேட்டாள். மூதாட்டி வாதிடவில்லை. “உன்னால் முடிந்ததைச் செய், கண்ணா. அம்மன் கணக்குப் பார்ப்பவள் அல்லள்” என்று மட்டும் சொன்னார். ஆனால் அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை.

அவ்வாண்டு வரலட்சுமி நோன்பு ஆகஸ்ட் 16ஆம் நாள், ஆடி மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை வந்தது. வியாழன் மாலை அம்மனை அழைக்க வேண்டும். வியாழனன்று அரைநாள் விடுப்பு எடுத்து, ரயிலேறி மியூனிக் நகரத்து இந்தியக் கடைக்குச் சென்று வேண்டியவற்றை வாங்கிவரலாம் என்று மருமகள் திட்டமிட்டிருந்தாள். புதன்கிழமை மாலை வீடு திரும்பிய மகன்தான் அந்தச் செய்தியைச் சொன்னான். “நாளை கடை எதுவும் திறக்காது. பதினைந்தாம் தேதி இங்கே மாதாவின் விண்ணேற்புத் திருநாள்.”

ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் அந்த நாளுக்கு விடுமுறை கிடையாது. பவேரியாவில் கத்தோலிக்கர் மிகுந்த ஊர்களில் மட்டும் விடுமுறை. அன்று பெண்கள் மூலிகைகளையும் மலர்களையும் கட்டாகக் கட்டித் தேவாலயத்துக்கு எடுத்துச் சென்று, மந்திரித்து வாங்கி வந்து வீட்டில் வைப்பார்கள். ஒரு தாயின் திருநாளால் மற்றொரு தாயின் பூஜைக்குப் பொருள் கிடைக்காமற் போகிறதே என்று மூதாட்டி உள்ளூர நொந்துகொண்டார். மணி ஏழு ஆகியிருந்தது. பவேரியாவில் இரவு எட்டு மணிக்குக் கடைகளை அடைத்துவிட வேண்டும் என்பது சட்டம். வடக்கே ஹம் நகரில் இலங்கைத் தமிழர்கள் 2002ஆம் ஆண்டில் கோபுரத்துடன் எழுப்பிய காமாட்சி அம்பாள் ஆலயம் இருக்கிறது. அங்கே சென்றால் எல்லாம் கிடைக்கும். ஆனால் அது பல மணி நேரப் பயணத் தொலைவு.

“பேருந்து நிறுத்தத்துக்கு அருகில் ஓர் ஆசியக் கடை இருக்கிறது. வாருங்கள், அங்கே பார்க்கலாம்” என்று மருமகள் பையை எடுத்துக்கொண்டாள்.

அது மிகச் சிறிய கடை. முன்புறம் தாய்லாந்து மல்லிகை அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்தன. உள்ளே கால் வைக்கவே இடம் இல்லாதபடி சேமியாப் பொட்டலங்கள், சாறுப் புட்டிகள், மூங்கில் தட்டுகள். கருவாட்டின் வாடையும் மீன் சாற்றின் வாடையும் கதவைத் திறந்ததும் வெளியே வந்தன. மூதாட்டி பின்வாங்கினார். அம்மன் பூஜைக்குரிய பொருளை மீன் வாடைக்கு நடுவே வாங்குவதா? “நீ போய்ப் பார்த்து வா. நான் இங்கே நிற்கிறேன்” என்று சொல்லிவிட்டுத் தெருவோரம் ஒதுங்கினார்.

மருமகள் ஒன்றொன்றாக வாங்கி வந்து காட்டினாள். குளிர்பெட்டியில் உறைந்திருந்த வாழையிலைக் கட்டு ஒன்று. அறை வெப்பத்தில் வைத்து, ஈரத் துணியால் துடைத்தால் மெல்ல விரியும். அவசரப்பட்டால் நரம்போடு கிழியும். குடுமி மழிக்கப்பட்ட தேங்காய். கலசத்துக்குக் குடுமியுள்ள தேங்காய்தான் வேண்டும் என்றாலும், வேறு வழியில்லை. பச்சை மஞ்சள் கிழங்கு புத்தம் புதிதாகவே கிடைத்தது. கொழுக்கட்டைக்கு அரிசி மாவு கொண்டுவந்தாள். பொட்டலத்தின் மேல் மூன்று தலை யானை. “ஐராவதம்!” என்று மூதாட்டி வியந்தார். தாய்லாந்து மக்கள் அந்த யானையை எரவான் என்று அழைக்கிறார்கள். ஆனால் பொட்டலத்தின் எழுத்துகள் பச்சை நிறத்தில் இருந்தன. விரலால் அழுத்திப் பார்த்த மூதாட்டிக்கு ஏதோ ஐயம். மருமகள் சீட்டைப் படித்துப் பார்த்தாள். அது பசையரிசி மாவு. கொழுக்கட்டை செய்தால் பாத்திரத்தோடு ஒட்டிக்கொள்ளும். சிவப்பு எழுத்துப் பொட்டலமே சாதாரண அரிசி மாவு. அதை மாற்றிக்கொண்டு வந்தாள்.

கடைசியாக, ஒரு நெகிழிப் பையில் கரும்பச்சை இலைகளைக் கொண்டுவந்தாள். இதய வடிவம், நீண்ட காம்பு, பளபளப்பு. “அம்மா, வெற்றிலை கிடைத்துவிட்டது!”

மூதாட்டி ஓர் இலையை எடுத்தார். நுனியைக் கிள்ளி, விரல்களுக்கிடையே கசக்கி, முகர்ந்தார். முகம் வாடியது. “இது வெற்றிலை இல்லை, கண்ணா. காரமே இல்லையே.”

கொடிக்காலில் வளர்ந்த மூக்கு பொய் சொல்லவில்லை. மிளகுக் குடும்பத்தில் வெற்றிலைக்கு உடன்பிறப்புப் போன்ற செடி ஒன்று உண்டு. வியட்நாமியர் அதை ‘லா லோட்’ என்பர். இறைச்சியைச் சுற்றிச் சமைக்க அதன் இலையைப் பயன்படுத்துவார்கள். பார்வைக்கு வெற்றிலை போலவே இருக்கும், தாம்பூலத்துக்கு ஆகாது. மருமகளுக்கு அந்த வேறுபாட்டைக் கடைக்காரரிடம் விளக்கத் தெரியவில்லை. அவள் தன் வாழ்நாளில் வெற்றிலை போட்டவள் அல்லள்.

மணி ஏழரை. மூதாட்டி புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு கடைக்குள் நுழைந்தார்.

நுழைந்தவர் இரண்டடி வைத்ததும் நின்றார். கதவுக்கு அருகே தரையோடு தரையாகச் சிவப்பு நிறத்தில் ஒரு சிறிய மரக் கோயில். உள்ளே சிரித்த முகத்துடன் இரண்டு உருவங்கள். அவற்றின் முன்னே ஒரு குவளை நீர், ஒரு சீப்பு வாழைப்பழம், மலர், புகையும் ஊதுவத்தி. வியட்நாமியர் கடைகளில் செல்வத்துக்குரிய தெய்வத்தையும் நிலத்துக்குரிய தெய்வத்தையும் இவ்வாறு வாசலை நோக்கித் தரையில் எழுந்தருளச் செய்வது வழக்கம். தெய்வம் வாசலைப் பார்த்து அமர்ந்தால் செல்வம் உள்ளே வரும் என்பது நம்பிக்கை. மறுநாள் மாலை தம் மருமகள் வாசற்படியில் நின்று லட்சுமியை உள்ளே அழைக்கப் போவதை மூதாட்டி எண்ணிக்கொண்டார். மூக்கை மூடியிருந்த தலைப்பைத் தாமாகவே இறக்கிவிட்டு, கைகூப்பினார்.

அதைக் கண்டு கடைக்காரப் பெண்மணி எழுந்து வந்தார். அறுபது வயதிருக்கும். மெலிந்த உருவம். மூதாட்டியும் ஒரு சொல் பேசாமல் இடக்கையை விரித்தார். அதன்மேல் இல்லாத இலை ஒன்றை வைத்து, இல்லாத சுண்ணாம்பைத் தடவி, இல்லாத பாக்கை வைத்து மடித்து, கடைவாயில் ஒதுக்கிக் காட்டினார்.

அந்தப் பெண்மணி வாய்விட்டுச் சிரித்தார். “த்ரௌ! த்ரௌ!”

அது அவர்கள் மொழியில் வெற்றிலைக்குப் பெயர். வியட்நாமில் பெண் பார்க்கப் போனாலும் திருமணம் என்றாலும் வெற்றிலையும் பாக்கும் வைத்த தட்டுத்தான் முன்னே செல்லும். வெற்றிலையில்தான் பேச்சே தொடங்கும் என்பது அந்நாட்டாரின் வழக்கு. நிச்சய தாம்பூலம் மாற்றும் நமக்கு அது புதிதன்று. ஆனால் சிரிப்பு அடங்கியதும் அவர் தலையை அசைத்தார். விற்பதற்கு வெற்றிலை இல்லை என்று ஜெர்மன் மொழியில் மருமகளிடம் சொன்னார். சற்று யோசித்தபின், இருவரையும் கடையின் பின்புற அறைக்கு அழைத்துச் சென்றார்.

அங்கே சன்னலோரம் ஒரு தொட்டி. மூங்கிற் குச்சியைப் பற்றி ஏறியிருந்தது ஒரு வெற்றிலைக் கொடி. மூதாட்டி எண்ணினார். மொத்தம் ஒன்பது இலை. அதற்கு நேர் மேலே பலகையில் இரண்டு படங்கள், முன்னே ஊதுவத்திக் கிண்ணம். ஒன்று, வெற்றிலைச் சாற்றால் சிவந்த உதடுகளுடன் சிரிக்கும் ஒரு முதியவளின் படம். மற்றொன்று நடுத்தர வயது ஆணின் படம்.

“என் அம்மா தினமும் வெற்றிலை போடுவார். அமாவாசைக்கு மறுநாளும் பௌர்ணமியன்றும் அவர் படத்துக்கு முன் வைப்பதற்காகவே இதை வளர்க்கிறேன்” என்றார் அந்தப் பெண்மணி. “உங்களுக்கு எத்தனை வேண்டும்? எதற்கு?”

கவுளிக் கணக்கில் வாங்கிப் பழகிய மூதாட்டி வாழ்வில் முதன்முறையாக இலையை எண்ணிக் கேட்டார். மாவிலைக்குப் பதிலாகக் கலசத்துக்கு ஐந்து. அம்மன் முன் தாம்பூலத்துக்கு இரண்டு. “ஏழு போதும். அம்மன் பூஜைக்கு என்று சொல், கண்ணா.”

மருமகள் சொன்னாள். பெண்மணியின் கை கொடியருகே நின்றுவிட்டது. “இந்திய அம்மனுக்கா?” என்று அவர் திருப்பிக் கேட்டார். பிறகு அவர் சொல்லச் சொல்ல, மருமகள் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அவர் பிறந்து வளர்ந்தது சைகோன் நகரில். பென்தான் சந்தைக்கு அருகே ஓர் அம்மன் கோயில் உண்டு. ஊர் மக்கள் அதை இந்திய அம்மன் கோயில் என்றே அழைப்பார்கள். அவருடைய தாய் சந்தைக்குப் போகும்போதெல்லாம் அங்கே சென்று ஊதுவத்தி ஏற்றிவிட்டு வருவார்.

அந்தக் கோயில் மாரியம்மன் கோயில். பிரெஞ்சுக்காரர் ஆட்சிக் காலத்தில் வணிகத்தின் பொருட்டுச் சைகோன் சென்ற நம் தமிழர்கள் எழுப்பியது. நடுவே மாரியம்மன், இருபுறமும் மதுரை வீரனும் பேச்சியம்மனும். நகரத்தார் வழிபட்ட முருகன் கோயில்களும் அந்நகரில் உள்ளன. 1975ஆம் ஆண்டில் போர் முடிந்து ஆட்சி மாறியபின் தமிழர்களில் பெரும்பாலோர் அங்கிருந்து வெளியேறிவிட்டனர். ஆனால் அம்மன் தனியாக விடப்படவில்லை. வியட்நாமிய மக்களே இன்றளவும் கூட்டம் கூட்டமாக வந்து வழிபடுகிறார்கள். கருவறையின் கற்சுவரில் கைகளையும் முகத்தையும் பதித்து, தம் குறைகளை மெல்லச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

“எனக்குப் பதினேழு வயது. படகேறித் தப்பிப் போகச் சொன்னார்கள். படகில் ஒருவருக்குக் கொடுக்கத்தான் எங்களிடம் பணம் இருந்தது. புறப்படுவதற்கு முந்தைய நாள் அம்மா என்னை அந்தக் கோயிலுக்கு அழைத்துப் போனார். சுவரில் முகத்தை வைத்து நெடுநேரம் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கடலில் பல நாள் கழிந்தபின் ஒரு ஜெர்மன் கப்பல் எங்களைக் கண்டெடுத்தது. அம்மாவை நான் மறுபடி பார்க்கவில்லை.”

1979ஆம் ஆண்டு முதல் ‘கேப் அனாமூர்’ என்னும் ஜெர்மன் கப்பல் தென்சீனக் கடலில் தத்தளித்த வியட்நாமிய அகதிகள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் காப்பாற்றியது வரலாறு. அவ்வாறு கரையேறியவர்களில் ஒருவர் அந்தப் பெண்மணி.

“அம்மாவை நான் மறுபடி பார்க்கவில்லை” என்னும் வாக்கியத்தைத் தமிழில் சொல்ல வந்தபோது மருமகளின் குரல் தடுமாறியது. அவளுடைய தாய் திருச்சியில் இருக்கிறார். மூன்று ஆண்டுகளாக அவள் ஊருக்குப் போகவில்லை.

பெண்மணி இலைகளைக் காம்போடு கிள்ளினார். இரண்டு கைகளாலும் ஏந்தி மூதாட்டியிடம் நீட்டினார். கொடியின் நுனியில் இரண்டு இளந்தளிர்கள் மட்டும் எஞ்சின. ஞாயிற்றுக்கிழமை ஏழாம் மாதத்துப் பௌர்ணமி, தாய் தந்தையரையும் முன்னோரையும் நினைக்கும் வூலான் திருநாள் என்று பேச்சுவாக்கில் அவர் சொல்லியிருந்தார். தன் தாய்க்கு வைத்திருந்த இலைகளையே அவர் தருகிறார் என்பது இருவருக்கும் புரிந்தது. மற்றப் பொருள்களுக்குக் காசு வாங்கிக்கொண்டார். வெற்றிலைக்கு வாங்க மறுத்துவிட்டார்.

வியாழன் மாலை மருமகள் வாசற்படியில் நின்று அம்மனை அழைத்து வந்தாள். வெள்ளியன்று விடியுமுன் எழுந்து கொழுக்கட்டை செய்தாள். கலசத்தின் வாயில் ஐந்து வெற்றிலை. அவற்றின்மேல் குடுமியில்லாத தேங்காய். அதில் வெள்ளி முகம். மூதாட்டி சமையலறை வாயிலில் அமர்ந்து பூஜை விதியையும் சாருமதியின் கதையையும் படித்தார். மகத நாட்டுக் குண்டின நகரத்தில், கணவனுக்கும் மாமனார் மாமியாருக்கும் அன்போடு பணிபுரிந்துவந்த சாருமதியின் கனவில் திருமகள் தோன்றி இந்நோன்பை அருளினாள். சாருமதி அதைத் தனக்கென்று மறைத்து வைத்துக்கொள்ளவில்லை. ஊர்ப் பெண்கள் அனைவருக்கும் சொல்லி, அனைவரோடும் சேர்ந்தே நோற்றாள். படத்தின் முன் விளக்கேற்றினால் போதாதா என்று கேட்டவள், ஒன்பது முடிச்சிட்ட மஞ்சள் சரட்டைக் கையில் கட்டிக்கொண்டு, கண்களை மூடி நெடுநேரம் நின்றாள்.

மாலையில் அவளே கேட்டாள். “அம்மா, சாருமதி எல்லோருக்கும் சொன்னாள் என்று படித்தீர்களே. வெற்றிலை கொடுத்தவருக்குத் தாம்பூலம் கொடுக்க வேண்டாமா?”

மூதாட்டி உடனே விடை சொல்லவில்லை. பலகையில் இருந்த இரண்டாவது படம் அவர் நினைவை விட்டு அகலவில்லை. அந்தப் பெண்மணியும் கணவரை இழந்தவர். நோன்புத் தாம்பூலம் சுமங்கலிகளுக்கு உரியது. தம் மாமியார் காலத்திலிருந்து அவர் அறிந்த முறை அது. தம்மையும் அவர் அதற்கு விலக்காக்கிக்கொள்ளவில்லை. ஓராண்டுக்கும் மேலாகச் சுபகாரியங்களில் பின்வரிசையில் அமர்ந்து வருகிறார். நேற்றும் சமையலறை வாயிலைத் தாண்டி வரவில்லை.

அன்றிரவு அவர் கலசத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். விளக்கொளியில் ஐந்து இலைகளும் வாடாமல் இருந்தன. அந்த இலைகளைத் தண்ணீர் ஊற்றி வளர்த்த கை யாருடையது? கிள்ளி எடுத்துத் தந்த கை யாருடையது? அம்மன் அவற்றின்மேல்தானே அமர்ந்திருக்கிறாள்? அவளிடமிருந்து அம்பாள் ஏற்றுக்கொண்டாள். அம்பாளிடமிருந்து அவள் பெற்றுக்கொள்ளக் கூடாதா? சைகோனில் சுவரில் முகம் பதித்து நின்ற அந்தத் தாயிடம் மாரியம்மன் எந்த முறையைக் கேட்டாள்?

சனிக்கிழமை காலை புனர்பூஜை முடிந்து, கலசத்தை அரிசிப் பாத்திரத்தில் வைத்தபின், மூதாட்டி எழுந்து கலசத்தருகே சென்றார். அம்மன் முன் வைத்த இரண்டு வெற்றிலைகளைத் தம் கையாலேயே எடுத்தார். பாக்கு, மஞ்சள், குங்குமம், வாழைப்பழம், கொழுக்கட்டை ஆகியவற்றைத் தட்டில் வைத்தார். “வா, கடைக்குப் போகலாம். நானே கொடுக்கிறேன்” என்றார். மருமகள் வியப்போடு பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

கடையில் அன்று வாடை எதுவும் மூதாட்டிக்குத் தெரியவில்லை. பெண்மணி இரு கைகளாலும் தாம்பூலத்தைப் பெற்றுக்கொண்டார். குங்குமச் சிமிழைத் திறந்த மூதாட்டியின் கை ஒரு கணம் தயங்கியது. அதற்குள் பெண்மணி மோதிர விரலால் ஒரு துளி தொட்டு, புருவ மத்தியில் பதித்துக்கொண்டார். புதிதாகக் கற்றுக்கொண்டவர் செய்வது போல் அல்ல. சிறு வயதில் தாயோடு கோயிலுக்குச் சென்று பழகிய விரல் அது.

பிறகு அவர் அந்த இரண்டு வெற்றிலைகளையும் பின்புற அறைக்கு எடுத்துச் சென்று, தாயின் படத்துக்கு முன் வைத்தார். அங்கே ஒரு குவளையில் வெள்ளை ரோஜா ஒன்று இருந்தது. வூலான் நாளில் தாய் இருப்பவர்கள் சிவப்பு ரோஜாவும், தாயை இழந்தவர்கள் வெள்ளை ரோஜாவும் அணிவார்கள் என்று அவர் சொன்னார். மருமகளிடம், “உனக்கு எந்த நிறம்?” என்று கேட்டார். “சிவப்பு” என்று சொல்லும்போது அவள் கண்கள் கலங்கின. அன்று மாலையே அவள் திருச்சிக்குத் தொலைபேசியில் பேசினாள். டிசம்பரில் வருவதாகச் சொன்னாள். சொன்னபடியே சென்றும் வந்தாள்.

புறப்படும்போது பெண்மணி கொடியின் அடித்தண்டிலிருந்து இரண்டு கணுக்களோடு ஒரு துண்டை வெட்டி, ஈரத் தாளில் சுற்றிக் கொடுத்தார். எப்படி நடுவது என்று அவர் சொல்லத் தொடங்க, மூதாட்டி புன்னகையோடு கையமர்த்தினார். கொடிக்காலில் பிறந்தவருக்கு அது தெரியாதா? வீட்டுக்கு வந்ததும் தொட்டியில் நட்டார். வெயில் நேராகப் படாமலும் வேர் காயாமலும் காக்கும் முறையை மருமகளுக்குக் கற்றுக் கொடுத்தார். அக்டோபரில் அவர் ஊருக்குத் திரும்பியபோது கொடியில் மூன்று இலைகள் வந்திருந்தன. வெள்ளி முகத்தை அவர் பெட்டியில் எடுத்து வைக்கவில்லை. அது மருமகள் வீட்டுப் பூஜையறையில் தங்கிவிட்டது.

அடுத்த ஆண்டு, 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8ஆம் நாள் நோன்பு வந்தது. கும்பகோணத்தில் இருந்த மூதாட்டிக்கு மருமகள் கைபேசியில் கலசத்தைக் காட்டினாள். கலசத்தில் இருந்தவை அவள் வீட்டுக் கொடியில் பறித்த வெற்றிலைகள். முதல் தாம்பூலத்தை ஆசியக் கடைக்கு எடுத்துச் சென்று கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னாள். நம் பஞ்சாங்கத்தில் அதிக மாதம் வருவது போல, அவ்வாண்டு வியட்நாமியர் நாட்காட்டியில் ஒரு மாதம் கூடுதலாக வந்தது. ஆகவே வூலான் திருநாள் செப்டம்பருக்குத் தள்ளிப்போயிற்று. அன்றும் மறவாமல் இரண்டு வெற்றிலை கொண்டுபோய் அந்தத் தாயின் படத்துக்கு முன் வைத்துவிட்டு வந்தாள்.

“எத்தனை இலை விட்டிருக்கிறது, கண்ணா?” என்று மூதாட்டி கேட்டார்.

“எண்ணவில்லை, அம்மா. நிறைய இருக்கிறது” என்றாள் மருமகள்.